பெற்றோரை ஒரு வாரம் பினாங்குக்கு அழைத்து வருகிறீர்களா? ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், அம்மாவோ அப்பாவோ வரப்போகிறார்கள் என்றதும் முதலில் செய்வது பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவதுதான். ஏழு நாளுக்குள் இருபது இடம் அதில் ஏறிவிடும். மூன்றாம் நாள் காலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நீ போய்ட்டு வாப்பா, நான் வீட்டுலயே இருக்கேன்" என்று அவர்கள் சொல்லும்போதுதான் பட்டியல் யாருக்காகப் போட்டது என்பது புரியும்.

அவர்கள் விமானம் ஏறி வருவது முதலில் உங்களைப் பார்க்க. எந்த வீட்டில் இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், பக்கத்து வீட்டில் யார், ராத்திரி வேலை முடிந்து எந்த வழியாக வருகிறாய் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் ஊருக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள். தீவைச் சுற்றுவது அதற்குப் பிறகு. இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகிறது: நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் வீடு. மாலையில் காற்று வாங்க ஓர் இடம்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பினாங்கில் ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். பகலில் 31, 32 டிகிரி இருக்கும். மாறுவது மழை. செப்டம்பர், அக்டோபரில் அதிகம், ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. வயதானவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. தைப்பூசமும் அப்போதுதான் வரும். பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் நகரத்தார் முறைப்படி ஊர்வலம் போவதையும், சீனர்களும் தெருவில் தேங்காயைக் குவித்து உடைப்பதையும் பார்க்கும் ஆசை பெற்றோருக்கு இருந்தால் தேதியை அதற்கேற்ப வைக்கலாம். அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாதவர் என்றால், தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். டுரியான் பழத்துக்காக வருபவர்களுக்கு ஜூன், ஜூலை.

மலேசியப் பள்ளி விடுமுறையையும் நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்கு ஏறும் ரயிலுக்கு நிற்கும் வரிசை அந்த நாட்களில் மணிக்கணக்கில் நீளும்.

டிக்கெட்டும் நுழைவும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது; டிக்கெட் போடும் முன் நடப்பு நிலையைப் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது மின்னணு வருகை அட்டை. வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதைப் பெற்றோரிடம் விடாமல் நீங்களே நிரப்பி அச்செடுத்து அனுப்புங்கள். இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல.

விமானம் மாற வேண்டியிருந்தால் எந்த ஊரில் மாறுவது என்பதை யோசித்து முடிவெடுங்கள். கோலாலம்பூர் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். அதை முடித்துக்கொண்டு உள்நாட்டு விமானத்துக்கு நடக்க வேண்டும். சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டில் வந்தால் சோதனை பினாங்கில்தான். தனியாக வரும் அம்மாவுக்கு இரண்டாவது வழி எளிது. பினாங்கு விமான நிலையம் சிறியது, வெளியே நீங்கள் நிற்பீர்கள். கால் நன்றாக இருந்தாலும் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். ஆங்கிலமோ மலாயோ தெரியாதவருக்கு அந்த உதவியாளர் வழித்துணையாக இருப்பார். "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்று கூச்சப்படுவார்கள்; அடுத்த விமானத்தின் வாசல் வரை ஒருவர் கூட வருவார் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு தாளில் உங்கள் பெயர், பினாங்கு முகவரி, தொலைபேசி எண், எத்தனை நாள் தங்கப்போகிறார் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, உங்கள் வேலை அனுமதிச் சீட்டின் நகலோடு கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அதிகாரி கேள்வி கேட்டால் அந்தத் தாளை நீட்டினால் போதும்.

ஊறுகாய், பொடி வகைகள், முறுக்கு கொண்டு வருவதில் சிக்கல் இல்லை. செடி, விதை, பச்சைப் பழம், இறைச்சி ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். கறிவேப்பிலைக் கன்று எடுத்து வருகிறேன் என்பார்கள், கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

மருந்தும் இரண்டரை மணி நேரமும்

பினாங்கு இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சிறிய வித்தியாசம் என்று விட்டுவிடுகிறோம், ஆனால் முதியவரின் நாள் இதில்தான் குலையும். ஊரில் காலை ஐந்துக்கு எழும் அம்மாவுக்கு இங்கே ஏழரைக்குத்தான் கண் விழிக்கும். ஊரில் எட்டு மணிக்குச் சாப்பிடும் அப்பாவுக்கு இங்கே பத்தரைக்குத்தான் பசிக்கும். இங்கே விடியவே ஏழு, ஏழேகால் ஆகிறது. மாலையில் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும்.

கிளம்பும் முன் அவர்களுடைய மருத்துவரிடம் ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: மாத்திரைகளை இந்திய நேரப்படியே தொடரலாமா, இங்குள்ள நேரத்துக்கு மாற்ற வேண்டுமா? இன்சுலின் போடுபவர்கள் இதைக் கேட்காமல் வரவே கூடாது. மாத்திரைகள் அசல் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் இருக்கட்டும். பத்து நாளுக்கு உள்ளதாக வைத்துக்கொண்டால் விமானம் தாமதமானாலும் கவலை இல்லை. பயணக் காப்பீட்டை இந்தியாவிலேயே எடுங்கள், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதி. பினாங்குத் தனியார் மருத்துவமனைகள் தரமானவை, வெளிநாட்டு நோயாளிகள் நிறைய வந்துபோகும் இடங்கள். அதற்கேற்ற கட்டணமும் உண்டு. அவசர எண் 999.

அவர்கள் கைக்கடிகாரத்தை மட்டும் இந்திய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போன் பேச அவர்களுக்கு அது வேண்டும்.

வீட்டைத் தயார் செய்யுங்கள்

அடுக்குமாடி வீட்டில் முதியவரை மிரட்டும் விஷயங்கள் மூன்று: லிப்ட் அட்டை, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, மின் அடுப்பு. மூன்றையும் முதல் நாளே அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வையுங்கள். குளியலறையில் வழுக்காத மிதியடி போடுங்கள், குளிக்க ஒரு வாளியும் குவளையும் வாங்கி வையுங்கள். குழாய் நீரைக் காய்ச்சி ஆறவைத்து வைக்க வேண்டும். அரிசி, துவரம்பருப்பு, புளி, தயிர், கறிவேப்பிலை எல்லாம் இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் கிடைக்கும், ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். பாதியை அவர்கள் வந்து வாங்கட்டும்.

விடுப்பைப் பொறுத்தவரை ஏழு நாளும் எடுக்கத் தேவையில்லை. வார இறுதி இரண்டு நாளோடு வார நாட்களில் மூன்று நாள் எடுத்தால் போதும். மீதி நாட்களில் நீங்கள் வேலைக்குப் போய்த் திரும்புவதை அவர்கள் பார்ப்பதும் இந்த வருகையின் ஒரு பகுதிதான்.

வந்திறங்கும் நாள்

எங்கும் போகாதீர்கள். குளிக்க வைத்து, ரசம் சோறு கொடுத்து, தூங்க விடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைத் திடலுக்கு அழைத்துப் போகலாம். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கரை, பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அவர்களுக்கு அதைவிடக் கடல் காற்றும், எதிர்க்கரையில் விளக்கு ஏறும் பட்டர்வொர்த்தும் போதும். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: லிட்டில் இந்தியா

புது ஊரில் நம் பெற்றோர் கால் ஊன்றுவது கோயிலில்தான். அதனால் முதல் காலை குவீன் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலுக்கு. 1833-இல் கட்டப்பட்டது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். நண்பகலுக்குள் நடை சாத்திவிடுவார்கள், ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு, கிங் தெரு எங்கும் பூக்கடை, மளிகைக்கடை, புடவைக்கடை, தமிழ்ப் பாட்டு. கடைக்காரரிடம் எந்த ஊர் என்று அம்மா விசாரிக்கத் தொடங்கினால் அவசரப்படுத்தாதீர்கள். தாத்தா காரைக்குடி, பாட்டி நாகப்பட்டினம் என்று கதை வரும். அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குவதுதான் இந்த நாளின் திட்டமே.

அங்கிருந்து நடை தூரத்திலேயே கப்பித்தான் கிளிங் மசூதி தெரு. அந்த ஒரே தெருவையொட்டி 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் எழுப்பிய மசூதி, சீனர்களின் கருணை அம்மன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், நம் மாரியம்மன் கோயிலின் பின்புறம் எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கான காரணத்தை இந்தத் தெருவில் நின்றே சொல்லிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய கடைவீடுகளின் முன்னால் போகும் ஐந்தடி நடைபாதை நிழல் தரும், ஆனால் கடைக்குக் கடை மட்டம் மாறும். திடீரென ஒரு படி, அடுத்து ஒரு சரிவு, நடுவே மூடாத வடிகால். ஈர நாளில் ஓடு வழுக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். செருப்பு, பின்வார் உள்ளதாக, பிடிப்புள்ளதாக இருக்க வேண்டும்.

கால் வலித்தால் மூன்று சக்கர ரிக்‌ஷா இருக்கிறது. பினாங்கில் ஓட்டுபவர் பின்னால் உட்கார்ந்து மிதிப்பார், முன்னால் உட்கார்பவருக்குத் தெரு முழுவதும் திறந்து தெரியும். ஏறும் முன்பே மணிக் கணக்கில் கட்டணம் பேசிவிடுங்கள். ஆர்மேனியன் தெருவில் 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியத்தை அதிலேயே பார்த்துவிடலாம். பன்னிரண்டு மணிக்கு வீடு.

மூன்றாம் நாள்: கொடிமலை

இதை வார நாளில் வையுங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயில் காலை 6.30-க்கே தொடங்கிவிடும், எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருந்தால் வரிசை குறைவு. இழுவைக் கம்பியில் ஓடும் இந்த ரயில் 1923-இல் வந்தது. இப்போதுள்ள பெட்டிகள் 2011-இல் மாற்றப்பட்டவை. சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடும். சரிவு செங்குத்தாக இருக்கும். தலைச்சுற்றல் உள்ளவர்களை உட்கார வைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். வரிசையைத் தவிர்க்கும் விரைவுச் சீட்டும் விற்கிறார்கள். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் முதியவரோடு போகும்போது இதில் பிடிக்க வேண்டாம்.

மேலே கீழேயிருப்பதைவிட நாலைந்து டிகிரி குறைவு. ரயில் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே மசூதி. மலையுச்சியில் முருகன் இருப்பது அவர்களுக்கு எதிர்பாராத பரிசு, முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். காட்டுப் பாதையில் நடக்க விரும்பினால் ஹேபிடட் என்ற இயற்கைப் பூங்கா உண்டு, பாதை 1.6 கிலோமீட்டர். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குச் சிறு மின்வண்டிகள் கிடைக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளை மரத்தில் தேடச் சொல்லுங்கள். அப்பாக்கள் இதில் குழந்தைபோல் ஆகிவிடுவார்கள். பதினொன்றரைக்கு இறங்கிவிட்டால் மதிய மழைக்கு முன் வீடு.

நான்காம் நாள்: வீடு

இந்த நாளைத் தியாகம் செய்யாதீர்கள். காலையில் பக்கத்து ஈரச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். மீன், கீரை, வாழைப்பூ, பாண்டான் இலை என்று அவர்கள் பேரைக் கேட்டு விலையை ரூபாயில் பெருக்கிக்கொண்டே வருவார்கள். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கும் மேல் என்று தெரிந்ததும் எதையும் வாங்க விடமாட்டார்கள். விலைச்சீட்டைக் காட்டாமல் நீங்கள் பணம் கொடுத்துவிடுங்கள். பிறகு சமையலறையை அவர்களிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள். மாலையில் பக்கத்து வீட்டாரை ஒரு காப்பிக்குக் கூப்பிடுங்கள், சீனரோ மலாய்க்காரரோ யாராக இருந்தாலும். மொழி தெரியாமலே அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

ஐந்தாம் நாள்: தண்ணீர்மலை அல்லது கெக் லோக் சி

இரண்டையும் ஒரே நாளில் செய்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன்.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. ஏற முடிந்தவர்கள் காலை ஏழரைக்குத் தொடங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். முடியாதவர்களை வற்புறுத்தாதீர்கள். அதே சாலையில் சமதரையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில் இருக்கிறது. தைப்பூச வெள்ளி ரதம் வந்து சேரும் இடம் அது. அங்கே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாலே அவர்களுக்கு நிறைவு. கொஞ்ச தூரத்தில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம். வாசல் பக்கம் நாகலிங்க மரம் நிற்கிறது, பூத்திருந்தால் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கையில் பழமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் குரங்கு பறித்துவிடும்.

படி வேண்டாம் என்பவர்களுக்குக் கெக் லோக் சி பௌத்தக் கோயில் நல்லது. அடிவாரக் கடைகள் வழியாக ஏறும் படிகளைத் தவிர்த்து, மேலுள்ள வாகன நிறுத்துமிடம் வரை வண்டியிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து சாய்வு லிப்ட் 30.2 மீட்டர் உயரக் குவான் யின் வெண்கலச் சிலையருகே கொண்டு விடும். ஏழு நிலைப் பகோடாவின் அடி சீன பாணி, நடு தாய்லாந்து பாணி, உச்சி பர்மியப் பாணி, 1930-இல் முடிந்தது.

ஆறாம் நாள்: வடகரை, அல்லது கடாரம்

வடகரையில் தெலுக் பஹாங் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இருக்கின்றன. சாதிக்காய் மரத்தை அங்கே பார்க்கலாம், கிராம்பு கொடியா மரமா என்ற நெடுநாள் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளலாம் (மரம்தான்). தோட்டம் சரிவில் இருப்பதால் படிகள் உண்டு. பாதை வளைந்து வளைந்து போகும், வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மாலையில் பத்து பெரிங்கி கடற்கரை. தண்ணீர் தெளிவாக இருக்காது, ஜெல்லி மீன் வரும் கடல். கால் நனைக்காமல் மணலில் உட்கார்ந்தே சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

பொன்னியின் செல்வனும் சோழர் கதைகளும் படித்து வளர்ந்த பெற்றோராக இருந்தால் நான் வடகரையை விட்டுவிட்டுக் கடாரத்துக்கே அழைத்துப் போவேன். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வென்ற கடாரம் இன்றைய கெடா. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், தோண்டியெடுத்து அடுக்கி வைத்த பழைய கோயிலின் அடித்தளங்களைப் பார்க்கலாம். பாலத்தைத் தாண்டிக் காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் போய், 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் திரும்பினால் கடல் மேல் ஓடும் இரண்டு சாலைகளும் அவர்களுக்கு வாய்க்கும். தொல்லியல் இடத்தில் கொஞ்சம் ஏற்றம் உண்டு, குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

சைவப் பெற்றோருக்கு இறைச்சியைவிட மறைந்திருக்கும் மீன்தான் சிக்கல். நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் (மிளகாய் விழுது) நெத்திலி, பல சம்பல்களில் பெலாச்சான் எனும் இறால் விழுது, ரோஜாக் பழக் கலவையின் கறுப்புச் சாற்றிலும் இறால். கடைக்காரர் "காய்கறிதான்" என்பார், பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் கணக்கில் இறால் விழுது மசாலா. லிட்டில் இந்தியா சைவ உணவகங்களிலும் சீனச் சைவக் கடைகளிலும் இந்தக் கவலை இல்லை. சீனக் கடையில் கோழி வடிவில் சோயா வந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், பார்த்ததும் எழுந்துவிடுவார்கள். நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், பருப்போடு எங்கும் கிடைக்கும். வெயில் நேரத்தில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய செண்டோல், ஒரு கிண்ணத்தை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தே தாரிக் எனும் பால் தேநீர் வேண்டாம், அதில் இனிப்பான கெட்டிப் பால். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். "குராங் மானிஸ்" என்றால் இனிப்பு குறைவாக. இந்த இரண்டு சொற்றொடரையும் அவர்களுக்கே சொல்லிக்கொடுங்கள், கடையில் தாமே கேட்டு வாங்குவதில் ஒரு சந்தோஷம். டுரியான் ஒரு சுளைக்கு மேல் வேண்டாம், வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் ஹோட்டலிலும் டுரியானுக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி நாள்

காலையில் படகில் பட்டர்வொர்த் போய்த் திரும்புங்கள். பாலம் வரும் வரை எதிர்க்கரையிலிருந்து வண்டிகள் தீவுக்கு வரப் படகுதான் வழி. நடை குறைவு, செலவு குறைவு, ஜார்ஜ்டவுன் முழுவதும் கடலிலிருந்து ஒரே பார்வையில் தெரியும்.

பிறகு கடைகள். சாதிக்காய் தைலம் எல்லோரும் கேட்பது. மூட்டு வலிக்கு அக்கம்பக்கத்தார் அத்தனை பேருக்கும் ஒரு புட்டி வேண்டும் என்பார்கள். திரவம் என்பதால் பெரிய பெட்டியில் வையுங்கள், மூடியைச் சுற்றி நாடா ஒட்டி. தாவ் சார் பியா எனும் பயறு பிஸ்கட்டைச் சைவ உறவினருக்கு வாங்கும் முன் பன்றிக் கொழுப்பு சேர்ந்ததா என்று கேளுங்கள், இரண்டு வகையும் விற்கிறார்கள். காயா என்ற தேங்காய் ஜாமில் முட்டை உண்டு. பொடியாக வரும் வெள்ளைக் காப்பியில் சர்க்கரையும் பால்மாவும் பெரும்பாலும் கலந்தே இருக்கும்.

பெட்டியை முந்தின இரவே எடை போட்டுவிடுங்கள். திரும்பும் பயணத்துக்கும் சக்கர நாற்காலி பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், வரும்போது பதிந்ததால் போகும்போதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கைப்பையில் மாத்திரை, ஒரு சால்வை, இட்லிப் பொடி தடவிய இட்லி நாலு. ஊரில் அழைக்க வருபவருக்கு விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் இந்திய நேரத்தில் எழுதி அனுப்புங்கள்.